செவ்வரளிப்பட்டிப் பள்ளிக்கூடம் முழுகாமல் இருந்த வருஷம்

நாலு வழிச்சாலைக்குத் தெற்கே, காற்றாலைக் கம்பங்களுக்கு வடக்கே, பஸ் நிற்கிற நாளைவிட நிற்காமல் போகிற நாளே அதிகமான செவ்வரளிப்பட்டியில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி முழுகாமல் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது சத்துணவு சமைக்கிற இருளாயிதான். ஐந்து பெற்று, அக்கம்பக்கத்தில் ஐம்பது பேறு பார்த்தவளுக்கு, இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்து உட்காரும் அறையின் கிழக்குச் சுவர் அந்தப் புரட்டாசியில் லேசாக மேடிட்டிருந்ததைப் பார்த்தபோது பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. அடுப்பிலிருந்து பருப்பை இறக்கிவைத்து, கையை முந்தானையில் துடைத்து, சுவரில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ எண்ணிவிட்டு, "டீச்சர், நாலு மாசம்" என்றாள்.

தலைமையாசிரியை மரகதவல்லியின் கையில் அன்று காலை வந்த கடிதம் இருந்தது. பள்ளியை மூடுவதற்கு இன்னும் எத்தனை மாசம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் "யாரு சொன்னா நாலு மாசம்னு?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

"சுவரு சொல்லுது. தொட்டுப் பாருங்க."

"அது ஓதம், இருளாயி. மழைத்தண்ணி இறங்கியிருக்கு."

"ஓதம்னா சில்லுன்னு இருக்கும் டீச்சர். இது வெதுவெதுன்னு இருக்கு."

டீச்சர் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்றுதான் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு படுத்தது. பதினேழு வருஷத்தில் கறையான், பாம்பு, தேர்தல் வாக்குச்சாவடி என்று எல்லாவற்றையும் இந்தக் கட்டடத்தில் பார்த்திருந்த டீச்சர், இதற்கு எந்தப் படிவத்தை நிரப்புவது என்று தெரியாமல், பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கடிதத்தில் இருந்தது இதுதான். பள்ளியில் பதினோரு பிள்ளைகள் மட்டுமே படிக்கிறார்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அது இருபது ஆகாவிட்டால், சிக்கனம் கருதி, சாலைக்கு அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியோடு இது இணைக்கப்படும். அதற்கு முன் ஊர் மக்களின் கருத்து நேரில் கேட்கப்படும். யாருக்கும் வலிக்காத மொழியில் எழுதியிருந்தார்கள், டீச்சருக்கு வலித்தது. லாரிகள் மூச்சுவிடாமல் பறக்கிற அந்த நாலு வழிச்சாலையைத் தினமும் தாண்டச் சொன்னால், பதினோரு பேரில் நாலு பேர் தாண்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்த நாலு பேர் என்றுகூடத் தெரியும். ஒன்று ஆடு மேய்க்கப் போகும், ஒன்று தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிற்கும், மீதி இரண்டும் செங்கல் சூளைக்குப் போகும். அந்த நாலு முகமும் மதியம் வரை அவர் கண்ணைவிட்டு அகலவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் செவ்வரளிப்பட்டியில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே ஆளிடமே இருந்தது. படிப்புக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்க வேண்டும், அதில் போய்க் கஞ்சத்தனம் பார்க்கலாமா என்பது ஒன்று. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறதெல்லாம் தண்டம் என்பது இன்னொன்று. முதலாவதை டிவியில் பட்ஜெட் ஓடும்போது சொல்வார்கள், இரண்டாவதை டிவியை அணைத்த பிறகு சொல்வார்கள். இரண்டையும் ஊரிலேயே சத்தமாகச் சொல்லக்கூடியவர் சிமெண்ட் கடை தனுஷ்கோடி. காலையில் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது ஊரின் கருத்து என்ன என்பது முடிவாகியிருக்கும்.

"பதினோரு பிள்ளைக்கு ரெண்டு வாத்தியார், ஒரு சமையக்காரம்மா, ஒரு கரண்டு மீட்டர். என்னாங்குறேன், அந்தப் பதினோரு பேரையும் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிப் படிக்க வச்சாக்கூடச் செலவு கம்மிப்பா" என்று அவர் சொன்னால், ஊட்டியைப் பார்த்தே இராதவர்கள்கூடக் கணக்குச் சரிதான் என்று தலையாட்டுவார்கள்.

சிக்கனம் அந்தப் பள்ளிக்குப் புதிதில்லை. ஒரு வருஷம் காவலாளியைக் குறைத்தார்கள், அடுத்த வருஷம் பெருக்குகிறவளைக் குறைத்தார்கள், அதற்கடுத்த வருஷம் பழுது பார்க்கவென்று கழற்றிப்போன மின்விசிறி திரும்பி வரவேயில்லை. ஐந்து வகுப்பும் இரண்டு அறைக்குள் அடங்கின, மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது, டீச்சரோ தேய்ந்துபோன சுண்ணக்கட்டித் துண்டுகளை ஒரு பாட்டிலில் சேர்த்துவைத்து, சனிக்கிழமைகளில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, காயவைத்துப் புதுக் கட்டிகளாக்கி எழுதிக்கொண்டிருந்தார். இப்படி அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் உண்டாகியிருக்கிறது என்றால் ஊர் நம்ப இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் எல்லோரும் அது தங்களுக்கு முன்னமே தெரியும் என்றார்கள்.

ஒன்றியத்திலிருந்து சுவரை அளக்க வந்த என்ஜினியர் டேப்பை வைத்து அளந்து 'சுவர்ப் பிதுக்கம், நான்கு அங்குலம்' என்று எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் வந்து அளந்தபோது ஆறு அங்குலம் இருந்தது. அதற்கு மறுவாரம், டேப்பைச் சுவரில் வைத்த நேரத்தில் உள்ளிருந்து ஒரு உதை விழ, 'அனுமதி பெறாத கட்டுமானம், வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார். மசக்கை கடுமையாகத்தான் இருந்தது. டீச்சர் உருட்டிவைத்த சுண்ணக்கட்டிகள் காலையில் காணாமல் போயின. சுற்றுச்சுவர்மேல் யாரோ காயப்போட்ட புளியில் ஓடு மட்டும் மிச்சமாகக் கிடந்தது. இருளாயி சாம்பார் தாளிக்கும்போதெல்லாம் ஜன்னல் கதவுகள் தாமாகவே படபடவென்று சாத்திக்கொண்டதால், அவள் ரசத்துக்கு மாறினாள். பிள்ளைகள்தான் இதையெல்லாம் எளிதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றி மெதுவாக நடந்தார்கள், சுவரில் பந்தடிப்பதை விட்டார்கள், வாய்ப்பாட்டைத் தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னார்கள், உள்ளே இருப்பது ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மட்டும் உதைக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தினமும் மூன்று முறை சொல்லி மகிழ்ந்தார்கள்.

எப்படி உண்டாயிற்று என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யாரால் என்பதுதான் கேள்வி. சுற்றுச்சுவர் நிழலில் நிற்கிற மஞ்சள் வேன்மேல் சிலருக்குச் சந்தேகம். அது டவுனிலுள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன், அது அப்படிச் செய்யாது என்று தனுஷ்கோடி அடித்துச் சொன்னார். கடைசியில் எதிரே இருந்த பஞ்சாயத்து ஆபீஸைக் கைகாட்டினார்கள். இரண்டு கட்டடத்தையும் ஒரே நாளில், ஒரே மந்திரி, ஒரே நல்ல நேரத்தில், ஒரே மேளத்தோடு திறந்துவைத்தார். இதன் வாசலில் போட்ட மாலையைக் கழற்றித்தான் அதன் வாசலிலும் போட்டார்கள். அதற்குப் பேர் என்ன, கல்யாணம்தானே?

"எங்க ஆபீஸ் அப்படிப்பட்ட ஆபீஸ் இல்ல" என்று பஞ்சாயத்துத் தலைவி பவளக்கொடி சீறினாள். ஆனால் மறுநாள் ஆபீஸின் படிக்கட்டு பள்ளிக்கூடத்தின் பக்கமாக ஒரு முழம் நகர்ந்திருந்ததைப் பார்த்ததும், "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆகவேண்டியதப் பாப்போம்" என்று இறங்கி வந்தாள். அந்த வாரமே, ஒன்பது வருஷமாக மனுக்கொடுத்தும் வராத தண்ணீர்க் குழாய் மாப்பிள்ளை வீட்டுச் செலவில் பள்ளிக்கு வந்துசேர்ந்தது.

டீச்சர் மேலிடத்துக்கு உண்மையை உண்மையாகவே எழுதினார்: பள்ளி கர்ப்பமாக இருக்கிறது, இந்த நிலையில் கருத்துக் கேட்பு, இணைப்பு எதுவும் வேண்டாம். அந்த அலுவலகத்தில் கடிதத்தைப் பிரித்த எழுத்தர் 'கர்ப்பம்' என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டு, வழக்கம்போல அதைப் பேறுகால விடுப்பு அடுக்கில் வைத்துவிட்டார். எதிர்பார்க்கும் பிரசவ தேதி என்ன என்று கேட்டு ஒரு தாள் வந்தது. இருளாயி விரல்விட்டு எண்ணி, பங்குனி ஐந்து என்றாள். அந்தத் தேதியும் மேலிடத்துக்குப் போய், ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்து, எந்த மேஜையில் எதோடு கலந்ததோ, 'பங்குனி ஐந்தாம் தேதி காலை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும்' என்ற உத்தரவாகத் திரும்பி வந்தது.

மாசியில் வளைகாப்பு நடந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். இங்கே படித்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தாய்மாமன் முறை என்று தீர்மானமானதால், தட்டு தூக்காத கையே ஊரில் இல்லை. வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, பழம், அதற்குப் பின்னால் சுண்ணக்கட்டிப் பெட்டி, விளக்குமாறு, வாளி, சுவர்க்கடிகாரம், தாம்பாளத்தில் சந்தனப் பொட்டு வைத்த உலக உருண்டை என்று, மேளம் முழங்க ஊரைச் சுற்றி வந்தார்கள். முன்னால் நடந்தவர் தனுஷ்கோடி. ஐந்தாம் வகுப்புவரை இங்கே படித்தவர், எல்லா மாமனையும்விடப் பெரிய மாமன் என்று காட்ட ஒரு இரும்புப் பீரோவை நாலு பேர் தோளில் ஏற்றிக் கொண்டுவந்தார். பள்ளிக்குச் செலவழிக்கக் கூடாது என்று சொன்னீர்களே என்று யாரோ கேட்டதற்கு, "அது வேற, இது சீரு" என்றார். தூண்கள் பருத்திருந்ததால் ஜன்னல் கம்பிகளைக் கழற்றி, நூற்றுக்கணக்கான கண்ணாடி வளையல்களைக் கோத்து மாட்டினார்கள். காற்றடித்தபோது கட்டடம் முழுக்கக் கலகலத்தது. டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊரையா சந்தேகப்பட்டோம், இனி இந்தப் பள்ளியை யார் மூட முடியும் என்று நினைத்துக்கொண்டு, அன்று கட்டுச்சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் அவர் வந்து இறங்கியபோது, மஞ்சள் வேன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது. ஊரின் ஒன்பது பிள்ளைகள், நேற்று இதே வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு ஓடியாடிய அதே பிள்ளைகள், ஷூவும் டையுமாக அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அந்த டையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். செவ்வரளிப்பட்டியில் ஒருவருக்கும் டை கட்டத் தெரியாது. ஜூன் மாதம் துணி வாங்கும்போது டவுனிலுள்ள யூனிபார்ம் கடைக்காரர் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். அந்த முடிச்சு அடுத்த ஏப்ரல்வரை அவிழாது. காலையில் பிள்ளையின் தலைவழியாக மாட்டுவார்கள், மாலையில் தலைவழியாகவே கழற்றி ஆணியில் தொங்கவிடுவார்கள், முடிச்சோடு துவைத்து முடிச்சோடு காயப்போடுவார்கள். சாமி படத்தைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தொட மாட்டார்கள்.

மரகதவல்லி டீச்சர் பதினேழு வருஷத்தில் முதன்முறையாக டீக்கடைக்குள் நுழைந்தார். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள்.

"பீரோ கொடுத்தீங்க. கடிகாரம் கொடுத்தீங்க. வாளி மட்டும் பதினாலு கொடுத்தீங்க" என்றார் டீச்சர். "ஒன்பது பிள்ளைங்களைக் கொடுக்க முடியாதா உங்களால? இருபது ஆகலைன்னா, பெத்த கையோட பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவாங்க. அந்தப் பிள்ளைங்களை யாரு சாலை தாண்டிக் கூட்டிட்டுப் போவா? நீங்களா?"

"டீச்சர், கோவப்படாதீக" என்றார் தனுஷ்கோடி. "சீரு செய்யிறது எங்க கடமை, செஞ்சுட்டோம். அதுக்காக எம்மகள அங்க படிக்க வைக்க முடியுமா? அங்க ஒரு ஃபேன்கூட இல்ல."

"நீங்க அங்கதானே படிச்சீங்க?"

"அதனாலதான் டீச்சர் சொல்றேன்."

கடை முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, கொடுத்த டீயையும் குடிக்காமல் வெளியே வந்தார்.

பங்குனி ஐந்தாம் தேதி, வேப்பமரத்தடியில் சாமியானா போட்டு, கருத்துக் கேட்க வந்த அதிகாரி, நாடா போட்டு இறுக்கிக் கட்டிய கோப்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான், வெயிலில் வாடிப்போயிருந்தார். ஊர் ஒவ்வொருவராக எழுந்து கருத்துச் சொன்னது. பள்ளியை மூடவே கூடாது என்றார்கள், எவ்வளவு செலவானாலும் அரசாங்கம் நடத்த வேண்டும் என்றார்கள், இது எங்கள் ஊரின் மானம் என்றார்கள். ஒவ்வொருவரிடமும் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பிள்ளை எங்க படிக்குது?" ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வேன்ல போகுது சார்." அவர் இரண்டையும் அடுத்தடுத்த கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வலி கண்டது. கனமான பெஞ்சைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் உள்ளிருந்து எழுந்தது. ஜன்னல் வளையல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் குலுங்கின. கூட்டம் கருத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியது. இருளாயி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று, வலி வந்து வந்து போனதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்று மணிக்கு இருளாயி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்கயோ சிக்கியிருக்கு டீச்சர். ஊருல இருக்குற பூட்டு, முடிச்சு, எல்லாத்தையும் அவுக்கச் சொல்லுங்க. தாலி முடிச்சத் தவிர ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது" என்றாள்.

பேறு சிக்கினால் முடிச்சை அவிழ்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம், அதனால் யாரும் காரணம் கேட்கவில்லை. பீரோக்களைத் திறந்தார்கள், டிரங்குப் பெட்டிகளைத் திறந்தார்கள், ரேஷன் கடையைத் திறந்தார்கள். மாட்டை அவிழ்த்தார்கள், ஆட்டை அவிழ்த்தார்கள், மூட்டைகளை அவிழ்த்தார்கள், கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தார்கள். பூக்கட்டுகிறவள் நாலு முழம் மல்லிகையை மொட்டு மொட்டாக உதிர்த்தாள். பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். அரைஞாண் கயிற்றையும் அவிழ்த்த ஆண்கள் வேட்டியைக் கையால் பிடித்தபடி நின்றதால், வாயால் மட்டுமே உதவ முடிந்தது. இருளாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதிகாரியின் கோப்பைக் கைகாட்டினாள்.

"அம்மா, இது அரசாங்கக் கோப்பு" என்றார் அதிகாரி.

"முடிச்சுதானே சார் அது?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். உள்ளிருந்து இன்னொரு முறை அந்தச் சத்தம் வந்தது. அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும், நாடாவை அவிழ்த்தார். பங்குனிக் காற்றில் தாள்கள் எழும்பிப் பறந்தன; ஊரின் கருத்து எழுதியிருந்த தாளை, அவிழ்த்துவிட்ட ஆடு ஒன்று சாவகாசமாக மென்றது.

அப்படியும் பிள்ளை வரவில்லை. நாலரை மணிக்கு மஞ்சள் வேன் வந்து நின்று, ஒன்பது பிள்ளைகளும் கசங்கிய முகத்தோடு இறங்கினார்கள். அவர்களின் கழுத்தைப் பார்த்ததும் இருளாயி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துபோயின.

எட்டு வீட்டுத் தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டடம் முனகிற்று. முதலில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்தி டையைப் பிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும். ஒன்பதாவது தனுஷ்கோடியின் மகள் மித்ராஸ்ரீ, ஒன்றாம் வகுப்பு. தனுஷ்கோடி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"அவுத்தா மறுபடி கட்டத் தெரியாதுங்க" என்றார். அவர் இப்படிக் கெஞ்சுகிற குரலில் பேசி ஊர் கேட்டதில்லை. "எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கட்டும்னுதானே அனுப்புறேன். பீரோ வேணும்னா இன்னொண்ணு தர்றேன்."

டீச்சருக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் போய்விட்டது. அந்த மனுஷர் தம் பிள்ளைக்காகப் பயப்படுகிறார், அவ்வளவுதான் என்று தோன்றியது. பதில் சொன்னது மித்ராஸ்ரீதான்.

"அப்பா, அதுக்கு வலிக்குதுப்பா."

தனுஷ்கோடி மகளை இறக்கி நிறுத்தி, மண்டிபோட்டு, முடிச்சில் கைவைத்தார். ஜூனிலிருந்து நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இறுகியிருந்த முடிச்சு அது, நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு நெகிழ்ந்து டை நீளமாகத் தொங்கிய அதே நேரத்தில், கிழக்குச் சுவர் ஒரு பெருமூச்சோடு விலகி, சுண்ணாம்புத் தூசி பறக்க, வெயிலுக்குக் கண் கூசிக்கொண்டு ஒரு குட்டி வகுப்பறை வெளியே வந்தது.

வாசல் பெரியவர்களின் இடுப்பு உயரம். ஜன்னல்கள் முழங்கால் உயரம். தாம்பாளம் அளவுக்கு ஒரு கரும்பலகை, இன்னும் ஈரம் காயவில்லை. ஆணா பெண்ணா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டதற்கு, "வகுப்பறைப்பா அது, போயி வேட்டியக் கட்டு" என்றாள் இருளாயி. தாள் எல்லாம் பறந்துவிட்ட அதிகாரி, புதுக் கோப்பு போடப் பத்து நாளாவது ஆகும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு போகிறேன், அதுதான் கடைசி என்று சொல்லி, போகும்போது குட்டி ஜன்னலை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஊரே டை கட்டிப் பார்த்தது. சிலது சாக்கு மூட்டையின் கட்டு மாதிரி வந்தது, சிலது கன்றுக்குட்டியின் தும்பு மாதிரி வந்தது. டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்று வேன் டிரைவர் கையை விரித்தார். சரி, இன்றைக்கு ஒரு நாள் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினார்கள். எட்டுப் பிள்ளைகளும் தங்கள் உயரத்துக்கே இருந்த வாசல் வழியாகக் குனியாமல் உள்ளே போனார்கள். சாயங்காலம் கூப்பிட்டால் வரவில்லை. அடுத்த நாளும் போனார்கள், அதற்கடுத்த நாளும் போனார்கள், நாலாம் நாள் டையைப் பற்றி யாரும் பேசவில்லை. டீச்சர் எண்ணிப் பார்த்தார், பத்தொன்பது. மறுபடி எண்ணினாலும் பத்தொன்பதுதான்.

தனுஷ்கோடி மட்டும் முதல் நாளே பைக்கில் டவுனுக்குப் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மித்ராஸ்ரீ தனியாக வேனில் போனாள். ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் பார்த்தால், ஆணியில் தொங்கும் டை அவிழ்ந்து கிடக்கும், அவர் மறுபடி டவுனுக்கு ஓடுவார். வீட்டில் எலி தொல்லை என்று தனுஷ்கோடி டீக்கடையில் சொன்னார். எட்டாவது நாள், இது எலி இல்லை என்று அவருக்குப் புரிந்தது; இப்போது அவருடைய மகளுக்கு எந்த முடிச்சையும் அவிழ்க்கத் தெரியும். யூனிபார்ம் கடைக்காரரிடமே கேட்டு, படித்து, தானே கட்டிவிடுவது என்று தீர்மானித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடி முன்னால் நின்று, தன் கழுத்திலேயே போட்டுப் போட்டுப் பார்த்ததில், பதினாறாவது தடவை முடிச்சு அழகாக, கடைக்காரர் போட்டதைவிட அழகாக விழுந்தது. பெருமையோடு தலைவழியாகக் கழற்றினார். தலை பெரிதாக இருந்தது, வரவில்லை. அவிழ்க்கப் பார்த்தார், இறுகியது. இதற்குள் வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மகளைக் காணோம்.

எங்கே போயிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். லுங்கியும் பனியனும் டையுமாகத் தெருவில் வேகமாக நடந்து, டீக்கடை பெஞ்ச் மொத்தமும் எழுந்து பார்க்க, பள்ளிக்குள் நுழைந்து, புது அறையின் இடுப்பளவு வாசலில் குனிந்து உள்ளே போனார். குனிந்தபடியே நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவருடைய கழுத்தைப் பார்த்துக் கெக்கெலி கொட்டிச் சிரித்தார்கள். ஒரு மூலையில் மித்ராஸ்ரீ கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு ஆட்டை வரைந்துகொண்டிருந்தாள், முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டியது. தனுஷ்கோடி அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு கொக்கி இருந்தது, கொக்கியில் ஒன்றும் இல்லை.

வாசலில் அதிகாரி குந்தி உட்கார்ந்து தலை எண்ணிக்கொண்டிருந்தார், பக்கத்தில் டீச்சர் வருகைப் பதிவேட்டோடு நின்றார். பட்டியலில் பத்தொன்பது பேர்தான், அதற்குமேல் ஒரு பெயரைக் கூட்ட டீச்சரின் கை துணியவில்லை.

"என்ன சார் இது?" என்று உள்ளிருந்து ஒரு இடி முழங்கியது. "பங்குனி வெயிலு மண்டையப் பிளக்குது, ஒரு ஃபேன் கிடையாதா? பச்சப்பிள்ளைக எப்பிடி இருக்கும்? நாங்க கட்டுற வரியெல்லாம் எங்கதான் போகுது? செலவு, செலவுன்னா பிள்ளைக வேகட்டுமா?"

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"நான்..." தனுஷ்கோடி நிறுத்தினார். கழுத்திலிருந்த டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் ஆட்டுக்கு வால் போடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இங்க படிக்கிற பிள்ளையோட அப்பா."

"எந்தப் பிள்ளை? பேரு லிஸ்ட்ல இருக்கா?"

சுவர்கூட அசையாமல் நின்றது. டீச்சரின் பேனா பதிவேட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"இல்லாட்டி எழுதிக்கங்க டீச்சர்" என்றார் தனுஷ்கோடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "மித்ராஸ்ரீ. இனிஷியல் தா."

டீச்சர் எழுதினார். பிறகு வழக்கமாகக் கூப்பிடுகிற குரலில், முதலிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்து, கடைசிப் பெயருக்கு வந்தார்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் மித்ராஸ்ரீ.

தாய்க் கட்டடத்தின் ஜன்னல்களில் வளையல்கள் கலகலத்தன. அதிகாரி இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனுஷ்கோடி குனிந்து வெளியே வந்து, அதிகாரி பேனாவை மூடும்வரை பக்கத்திலேயே நின்று, "ஃபேனையும் எழுதிக்கங்க சார், ரெண்டா எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் டையோடு டீக்கடையைப் பார்த்து நடந்தார்.